ஐக்கிய அமெரிக்காவில் பொருளாதாரப் பாதுகாப்பின்மையும் அரசியல் அங்கதமும்

ஐக்கிய அமெரிக்காவில் பொருளாதாரப் பாதுகாப்பின்மை குறித்த அரசியல் அங்கதம் என்பது வேலை இழப்பு, மருத்துவச் செலவு, கடன், முதுமைக்கால வருமானம் ஆகியவை பற்றி அந்நாட்டு மக்களுக்கு உள்ள அச்சத்தையும், அவ்வச்சத்துக்குக் காரணமான அரசியல், வணிக முடிவுகளையும் நகைச்சுவை வழியாகச் சாடும் படைப்புகளைக் குறிக்கும். கேலிச்சித்திரம், தொலைக்காட்சி நிகழ்ச்சி, திரைப்படம், புனைசெய்தி, தெரு நாடகம் எனப் பல வடிவங்களில் இது காணப்படுகிறது. இதன் வேர்கள் 19 ஆம் நூற்றாண்டிலேயே உள்ளன. எனினும், 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின்னரே கடன், காப்புறுதி, ஓய்வூதியம் போன்ற சிக்கலான பொருள்களை விரிவாக விளக்கும் அங்கதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெருகியது.

பொருளாதாரப் பின்னணி

பொருளாதாரப் பாதுகாப்பின்மை என்பது வறுமையைப் போன்றதன்று. இன்று போதிய வருமானம் உள்ள ஒரு குடும்பம், ஒரு நோயினாலோ ஓர் ஆட்குறைப்பினாலோ நாளை நிலைகுலையக்கூடிய நிலையையே இச்சொல் குறிக்கிறது. முன்னர் முதலாளிகளும் அரசும் பகிர்ந்து தாங்கிய இடர்கள் படிப்படியாகத் தனிக் குடும்பங்களின் தோளுக்கு மாற்றப்பட்டன என்று அரசியல் அறிவியலாளர் ஜேக்கப் ஹேக்கர் 2006 இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். இம்மாற்றத்தைப் பின்வரும் துறைகளில் காணலாம்.

- மருத்துவக் காப்புறுதி: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், நிறுவனங்கள் தொழிலாளரை ஈர்ப்பதற்குக் காப்புறுதி வழங்கத் தொடங்கின. இதனால் காப்புறுதி வேலையுடன் பிணைக்கப்பட்டது. வேலை போனால் காப்புறுதியும் போகும் நிலை உருவானது. 2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் பல மில்லியன் பேருக்குக் காப்புறுதி கிடைக்க வழி செய்தபோதிலும், இப்பிணைப்பை நீக்கவில்லை.
- ஓய்வூதியம்: 1978 ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டத்தில் இடம்பெற்ற 401(கே) என்னும் பிரிவின் வழியாக, நிறுவனம் உறுதியளிக்கும் ஓய்வூதியத்தின் இடத்தைத் தனியாள் சேமிப்புக் கணக்குகள் மெல்லப் பிடித்தன. பங்குச் சந்தை சரிந்தால் அந்த இழப்பு தொழிலாளியையே சேரும்.
- குறைந்தபட்ச ஊதியம்: நடுவண் அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் ஆக்கப்பட்டது. அதன்பின் 15 ஆண்டுகளுக்கு மேலாக அது உயர்த்தப்படவில்லை. பல மாநிலங்கள் இதனினும் கூடிய தொகையை விதித்துள்ளன. வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பை நம்பிப் பணிபுரிவோருக்கு முதலாளி வழங்க வேண்டிய நடுவண் குறைந்தபட்சத் தொகை 1991 இலிருந்து 2.13 டாலராகவே இருந்து வந்துள்ளது.
- அவசரச் செலவு: அமெரிக்க நடுவண் வங்கி 2013 இல் நடத்திய ஆய்வில், எதிர்பாராத 400 டாலர் செலவைக் கையிருப்புப் பணத்தாலோ அதற்கு இணையான வழியாலோ ஈடுகட்ட முடியும் என்றவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேரே. 2023 இல் இது 63 விழுக்காடாக இருந்தது.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டு

தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் 1870களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் வரைந்த கேலிச்சித்திரங்கள், நியூயார்க் நகரின் பொதுப் பணத்தைக் கையாடிய அரசியல் குழுவின் வீழ்ச்சியில் பங்கு வகித்தன. 1873 இல் மார்க் டுவெய்னும் சார்லஸ் டட்லி வார்னரும் இணைந்து எழுதிய தி கில்டட் ஏஜ் என்னும் அங்கதப் புதினத்தின் தலைப்பே, பின்னர் அக்காலகட்டத்துக்குப் பெயராயிற்று. 'பொன்முலாம் பூசிய காலம்' என்பது அதன் பொருள். 1889 இல் பக் என்னும் நகைச்சுவை இதழில் ஜோசப் கெப்லர் வரைந்த சித்திரத்தில், வணிகக் கூட்டிணைவுகள் பெருத்த பண மூட்டைகளாக மேலவையின் பின்வரிசையில் நிற்க, உறுப்பினர்கள் அவற்றின் முன் சிறுத்துக் காணப்படுகின்றனர். பணம் சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது என்னும் கருத்துக்கு இது இன்றும் எடுத்துக்காட்டப்படும் படமாகும்.

பெரும் பொருளியல் வீழ்ச்சி

1930களில் வில் ரோஜர்ஸ் என்னும் நகைச்சுவையாளர் நாளிதழ்ப் பத்தி, வானொலி, திரைப்படம் ஆகியவற்றின் வழியாகப் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தார். மேல்மட்டத்தில் பணத்தைக் கொட்டினால் அது ஏழைகளுக்குச் சொட்டுச் சொட்டாக வந்து சேரும் என்ற நம்பிக்கையை அவர் 1932 இல் கேலி செய்தார். அவருடைய அந்த உருவகம் பிற்கால அரசியல் விவாதங்களிலும் தொடர்ந்து ஆளப்படுகிறது. சார்லி சாப்ளினின் மாடர்ன் டைம்ஸ் (1936) திரைப்படம், தொழிற்சாலை இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிலைகுலையும் தொழிலாளியையும், வேலையின்மையையும் காட்டியது.

1980களும் 1990களும்

மைக்கேல் மூரின் ரோஜர் அண்ட் மீ (1989) என்னும் ஆவணப்படம், மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகள் மூடப்பட்டதன் விளைவுகளைக் காட்டியது. அந்நிறுவனத்தின் தலைவரான ரோஜர் சிமித்தை நேரில் சந்தித்துப் பேச இயக்குநர் மேற்கொள்ளும் முயற்சிகளே படத்தின் கதைச்சரடு ஆகும்.

தி சிம்ப்சன்ஸ் தொடரின் 1993 மார்ச் மாத அத்தியாயம் ஒன்றில், மின்னுற்பத்தி நிலையத் தொழிலாளர்கள் ஒரு பீப்பாய் பியருக்காகத் தங்கள் பல் மருத்துவக் காப்புறுதியை விட்டுக்கொடுக்க முற்படுகின்றனர். தன் மகளுக்குப் பற்கம்பி தேவை என்பது நினைவுக்கு வரும்போதுதான் அக்காப்புறுதியின் மதிப்புத் தந்தைக்குப் புரிகிறது. கூட்டுப் பேரம் என்னும் வறண்ட பொருளை ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்காக மாற்றிய அத்தியாயம் இது. 1990களின் அலுவலக ஆட்குறைப்பை டில்பர்ட் சித்திரத் தொடரும், ஆபிஸ் ஸ்பேஸ் (1999) திரைப்படமும் கேலி செய்தன.

2008 நிதி நெருக்கடி

2008 செப்டம்பர் 15 இல் லேமன் பிரதர்ஸ் நிதி நிறுவனம் திவாலானது. அடுத்த மாதம் நிதி நிறுவனங்களை மீட்க 700 பில்லியன் டாலர் வரை செலவிட அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. வேலையின்மை வீதம் 2009 அக்டோபரில் 10 விழுக்காட்டை எட்டியது. வங்கிகளுக்குக் கிடைத்த உதவி வீடிழந்தோருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி இக்காலத்து அங்கதத்தின் மையப் பொருளாயிற்று.

இந்த வீழ்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே, 2008 ஜூலையில், தி ஆனியன் என்னும் புனைசெய்தி இதழ், நலிவுற்ற நாடு தன் பணத்தை முதலிடப் புதியதொரு ஊகக் குமிழியைக் கோருவதாகக் 'செய்தி' வெளியிட்டது. 2009 மார்ச்சில் ஒளிபரப்பான சவுத் பார்க் அசைபட அத்தியாயம், பொருளாதாரத்தைச் சினங்கொண்ட தெய்வமாகக் கருதி மக்கள் அஞ்சுவதையும், எந்த நிறுவனத்தை மீட்பது என்பதைத் தலையற்ற கோழியை ஓடவிட்டு அதிகாரிகள் முடிவு செய்வதையும் காட்டியது. இவ்வத்தியாயம் எம்மி விருது பெற்றது.

ஸ்டூவர்ட் - கிரேமர் நேர்காணல்

2009 பெப்ரவரி 19 இல் சிஎன்பிசி வணிகச் செய்தித் தொலைக்காட்சியின் ரிக் சான்டெல்லி, வீட்டு அடமானக் கடன் கட்ட முடியாதவர்களுக்கு அரசு உதவுவதைச் சிகாகோ வணிகச் சந்தையிலிருந்து நேரலையில் கடுமையாகச் சாடினார். இதற்கு எதிர்வினையாக, தி டெய்லி ஷோ நிகழ்ச்சியை நடத்திய ஜான் ஸ்டூவர்ட், அத்தொலைக்காட்சி நெருக்கடிக்கு முன்னர் நிதி நிறுவனங்களைப் பற்றி அளித்த நம்பிக்கையூட்டும் கருத்துகளை வரிசையாகத் தொகுத்து ஒளிபரப்பினார். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

மார்ச் 12 இல் அத்தொலைக்காட்சியின் பங்குச் சந்தை நிகழ்ச்சியாளர் ஜிம் கிரேமர் நேரில் கலந்துகொண்டார். உண்மையில் இரண்டு சந்தைகள் உள்ளன என்பது ஸ்டூவர்ட்டின் வாதமாக இருந்தது: ஒன்று, பொறுமையுடன் நெடுங்காலம் சேமிக்குமாறு சாதாரண மக்களுக்குக் காட்டப்படும் சந்தை, மற்றொன்று, அவர்களுடைய ஓய்வூதியப் பணத்தைக் கொண்டே திரைமறைவில் விரைவாக ஆடப்படும் சந்தை. இதை அறிந்திருந்தும் வணிகச் செய்தியாளர்கள் மக்களை எச்சரிக்கவில்லை என்று அவர் குற்றஞ்சாட்டினார். நகைச்சுவை பெரிதும் ஒதுங்கிய இந்நேர்காணல், அங்கத நிகழ்ச்சி ஒன்று செய்தித்துறையின் கடமையை ஏற்றுக்கொண்டதற்கான சான்றாகக் குறிப்பிடப்படுகிறது.

பின்னர் வெளியான தி பிக் சார்ட் (2015) திரைப்படம், அடமானக் கடன் பத்திரங்கள் எவ்வாறு இயங்கின என்பதைப் புகழ்பெற்றவர்கள் பார்வையாளரை நோக்கி நேரடியாக விளக்கும் உத்தியைக் கையாண்டது.

மருத்துவச் செலவும் மருத்துவக் கடனும்

மைக்கேல் மூரின் சிக்கோ (2007), காப்புறுதி இல்லாதவர்களை விடக் காப்புறுதி இருந்தும் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் மீதே கவனம் செலுத்தியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மீட்புப் பணியில் ஈடுபட்டு நோயுற்றவர்களும் இப்படத்தில் இடம்பெற்றனர்.

இம்மீட்புப் பணியாளர்களுக்கு மருத்துவ உதவி வழங்கும் சட்டமூலம் 2010 டிசம்பர் 9 இல் மேலவையில் போதிய வாக்குகளின்றித் தடைப்பட்டது. டிசம்பர் 16 இல் தி டெய்லி ஷோ தன் நிகழ்ச்சி முழுவதையும் இதற்கு ஒதுக்கி, நோயுற்ற பணியாளர் நால்வரைப் பேச வைத்தது. ஆறு நாட்களில் சட்டமூலம் நிறைவேறியது. பிற்காலத்தில் இழப்பீட்டு நிதி தீரும் நிலை வந்தபோது, ஸ்டூவர்ட் 2019 ஜூனில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார். அடுத்த மாதம் அந்நிதி நீட்டிக்கப்பட்டது.

ஜான் ஆலிவர் 2016 ஜூன் 5 இல் தமது லாஸ்ட் வீக் டுநைட் நிகழ்ச்சியில், வாராக் கடன்களை மலிவு விலைக்கு வாங்கி வசூலிக்கும் தொழிலை எடுத்துக்கொண்டார். இத்தொழிலுக்குள் நுழைவது எவ்வளவு எளிது என்பதைக் காட்ட, நிகழ்ச்சிக் குழுவினர் மிசிசிப்பி மாநிலத்தில் 50 டாலர் செலவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தனர். அந்நிறுவனத்துக்கு, ஏறத்தாழ 9,000 பேரின் 14.9 மில்லியன் டாலர் மருத்துவக் கடன் 60,000 டாலருக்கும் குறைவான விலையில் விற்கப்பட்டது. அதாவது, ஒரு டாலர் கடனின் விலை அரைச் சதத்துக்கும் குறைவு. கடனாளிகளின் பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியனவும் அத்துடன் கிடைத்தன. இவற்றுள் வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்த கடன்களும் அடங்கும். ஆலிவர் அக்கடன் முழுவதையும் ஓர் அறக்கட்டளையின் வழியாகத் தள்ளுபடி செய்தார்.

2017 மே 1 இல் ஜிம்மி கிம்மல், பிறந்தவுடன் இதய அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட தம் மகனைப் பற்றிப் பேசி, எந்தக் குழந்தையும் பெற்றோரிடம் பணமில்லை என்பதற்காக இறக்கக்கூடாது என்னும் கருத்தை முன்வைத்தார். இதையடுத்து பில் காசிடி என்ற மேலவை உறுப்பினர், புதிய சுகாதாரச் சட்டமூலங்களை அளக்கும் 'கிம்மல் சோதனை' என்னும் தொடரை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் காசிடியே கொண்டுவந்த சட்டமூலம் அச்சோதனையில் தேறவில்லை என்று கிம்மல் விமர்சித்தார். அது வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை.

உழைப்பும் கூலியும்

ஸ்டீபன் கோல்பேர் 2010 செப்டம்பர் 24 இல் கீழவையின் துணைக்குழு ஒன்றின் முன், தமது தொலைக்காட்சிப் பாத்திரமாகவே அமர்ந்து வேளாண் கூலித் தொழிலாளர் பற்றிச் சாட்சியமளித்தார். புலம்பெயர் தொழிலாளர் செய்யும் வேலையை அமெரிக்கக் குடிமக்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வேளாண் தொழிலாளர் சங்கம் விடுத்த அழைப்பை ஏற்று, அவர் ஒரு நாள் வயலில் வேலை செய்திருந்தார். அவ்வழைப்பை ஏற்றவர்கள் மிகச் சிலரே. ஏன் இப்பொருளில் ஆர்வம் என்று கேட்கப்பட்டபோது, அவர் பாத்திரத்தை விட்டு விலகி, அதிகாரமற்றவர்களைப் பற்றிப் பேச விரும்புவதாகப் பதிலளித்தார்.

சூப்பர்ஸ்டோர் (2015-2021) என்னும் நகைச்சுவைத் தொடர் ஒரு பெருங்கடையின் ஊழியர்களைப் பற்றியது. அதன் முதற் பருவத்தின் இறுதியில், ஊழியப் பெண் ஒருவருக்கு ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்புக் கிடையாது என்பதால், அவரை ஊதியத்துடன் 'இடைநீக்கம்' செய்து உதவும் மேலாளர் வேலையை இழக்கிறார். 1993 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தகுதியுள்ள ஊழியருக்கு 12 வாரம் ஊதியமற்ற விடுப்பு மட்டுமே உறுதி செய்கிறது என்னும் உண்மையே இக்கதையின் அடிப்படை. சாரி டு பாதர் யூ (2018) திரைப்படத்தில், தொலைபேசி வழி விற்பனை செய்யும் கறுப்பின இளைஞர் 'வெள்ளையர் குரலில்' பேசத் தொடங்கியதும் உயர்வு பெறுகிறார். உணவும் உறைவிடமும் தந்து வாழ்நாள் முழுவதும் வேலை வாங்கும் ஒரு நிறுவனமும் அப்படத்தில் வருகிறது.

சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியில் 2016 அக்டோபரில் இடம்பெற்ற ஒரு குறுநாடகம், வினாவிடைப் போட்டி ஒன்றில் கறுப்பினத்தவருடன் டிரம்ப் ஆதரவாளரான வெள்ளையர் ஒருவரை அமர்த்தியது. அதிகாரத்தின் மீதான ஐயத்திலும் அன்றாடச் செலவுத் தந்திரங்களிலும் அவர்களின் விடைகள் ஒத்துப்போகின்றன. இறுதியில் இனம் பற்றிய கேள்வி எழும்போது அந்த ஒற்றுமை குலைகிறது.

பணமும் தேர்தலும்

2000, 2004 ஆம் ஆண்டுகளின் தேர்தல்களின்போது, 'கோடீசுவரர்கள்' போல உடையணிந்து ஏழைகளுக்கு எதிரான முழக்கங்களை எழுப்பும் தெரு நாடகக் குழுக்கள் இயங்கின. 2010 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், தேர்தலில் வரம்பின்றிச் செலவிடும் அமைப்புகள் தோன்றின. கோல்பேர் 2011 இல் தேர்தல் ஆணையத்தின் ஒப்புதலுடன் தாமே அத்தகைய ஓர் அமைப்பைத் தொடங்கி, ஒரு மில்லியன் டாலருக்கு மேல் திரட்டினார். நன்கொடையாளர் பெயரை மறைக்கும் துணை அமைப்பை உருவாக்கும் முறையையும், ஆணையத்தின் முன்னாள் தலைவரான வழக்கறிஞர் டிரெவர் பாட்டரின் துணையுடன் நிகழ்ச்சியிலேயே செய்து காட்டினார். இத்தொடர் பீபாடி விருது பெற்றது. அவருடைய பார்வையாளர்கள் தேர்தல் நிதிச் சட்டங்களைப் பிற செய்தி ஊடகங்களின் பார்வையாளர்களை விட நன்கு அறிந்திருந்தனர் என்று 2014 இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது.

உத்திகள்

தொல்காப்பியம் அங்கதத்தை வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் அங்கதம், பழியை மறைத்துக் கூறும் பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. அமெரிக்க அங்கதத்தையும் இப்பகுப்பின் வழி விளங்கிக்கொள்ளலாம்.

- செம்பொருள்: ஸ்டூவர்ட், ஆலிவர் ஆகியோர் ஒருவர் முன்னர் சொன்னதையும் பின்னர் செய்ததையும் அருகருகே வைத்து நேரடியாகச் சாடுகின்றனர்.
- பழிகரப்பு: கோல்பேர் தாம் எதிர்க்கும் கருத்தை ஆதரிப்பவராகவே நடித்தார். புனைசெய்தி இதழ்களும் 'கோடீசுவரர்' குழுக்களும் இவ்வகையினவே.
- செய்துகாட்டல்: கடன் நிறுவனத்தையோ தேர்தல் நிதி அமைப்பையோ சட்டப்படி தாமே தொடங்கி, சட்டம் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்பதை வெளிப்படுத்துதல்.

சட்டப் பாதுகாப்பு

பொது வாழ்வில் உள்ளவர்களைப் பற்றிய பகடியை அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் காக்கிறது என்று 1988 இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எனினும் வழக்கை எதிர்கொள்வதே பெருஞ்செலவாகும். நிலக்கரி நிறுவனத் தலைவர் ஒருவர் ஆலிவர் மீது 2017 இல் தொடுத்த அவதூறு வழக்கு 2018 இல் தள்ளுபடி செய்யப்பட்டது.

அங்கதக் கலைஞர்களின் நிலை

அங்கதம் படைப்போரும் இதே பாதுகாப்பின்மைக்கு உட்பட்டவர்களே. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாளிதழ்களில் ஏறத்தாழ 2,000 கேலிச்சித்திர ஓவியர்கள் பணியாற்றினர்; 2011 அளவில் முழுநேரப் பணியில் இருந்தோர் 40 பேருக்கும் குறைவு. 2023 ஜூலையில் புலிட்சர் பரிசு பெற்ற ஓவியர் மூவரை ஒரே நிறுவனம் ஒரே நாளில் பணிநீக்கம் செய்தது. தொலைக்காட்சி, திரைப்பட எழுத்தாளர்கள் 2007-2008 இலும், 2023 இல் 148 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தனர். 2023 இல் முதலில் நின்றுபோனவை இரவுநேர நகைச்சுவை நிகழ்ச்சிகளே. வருமானமிழந்த தம் ஊழியர்களுக்கு உதவ, கோல்பேர், கிம்மல், ஆலிவர் உள்ளிட்ட ஐவர் இணைந்து ஓர் ஒலித்தொடரை வெளியிட்டனர்.

பெருநிறுவன உடைமையும் ஒரு சிக்கலாகும். ஆன் டெல்னேஸ் என்ற ஓவியர், தம் நாளிதழின் உரிமையாளர் உள்ளிட்ட பெருஞ்செல்வர்கள் டிரம்ப்பின் முன் மண்டியிடுவதாக வரைந்த சித்திரம் மறுக்கப்பட்டதால் 2025 ஜனவரியில் வாசிங்டன் போஸ்ட் இதழிலிருந்து விலகினார். அவ்வாண்டு புலிட்சர் பரிசு பெற்றார். 2025 ஜூலையில், தாய் நிறுவனமான பாரமவுண்ட் டிரம்ப்புடன் செய்துகொண்ட 16 மில்லியன் டாலர் வழக்குத் தீர்வைக் கோல்பேர் சாடிய சில நாட்களில், அவரது நிகழ்ச்சி 2026 மே மாதத்துடன் முடிவுறும் என அறிவிக்கப்பட்டது. இது முற்றிலும் நிதி சார்ந்த முடிவு என்று சிபிஎஸ் தொலைக்காட்சி கூறியது. அப்போது அரசின் ஒப்புதலை எதிர்நோக்கியிருந்த நிறுவன இணைப்பே காரணமாக இருக்கலாம் என்று விமர்சகர்கள் ஐயுற்றனர்.

தாக்கமும் விமர்சனங்களும்

அங்கதத்தின் தாக்கம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. தி டெய்லி ஷோவைப் பார்த்த இளைஞரிடம் அரசியல் மீதான அவநம்பிக்கை கூடியதாகவும், அதேவேளை அரசியலைத் தம்மால் புரிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கையும் கூடியதாகவும் 2006 ஆம் ஆண்டின் ஆய்வொன்று கண்டது. பழமைவாதப் பார்வையாளர் பலர், கோல்பேர் கேலி செய்வதாக நடிக்கிறாரே தவிர, சொல்வதை உண்மையாகவே நம்புகிறார் என்று கருதியதை 2009 ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. பழிகரப்பு அங்கதத்துக்கு உள்ள இடர் இதுவாகும். ரோஜர் அண்ட் மீ திரைப்படம் நிகழ்வுகளின் கால வரிசையை மாற்றிக் காட்டியதாக அது வெளியானபோதே குறை கூறப்பட்டது.

மருத்துவக் கடன் தள்ளுபடி பற்றிய முடிவு மேலும் கவனிக்கத்தக்கது. ஆலிவர் நாடிய அதே அறக்கட்டளையின் துணையுடன், 83,000 பேருக்கு மேற்பட்டோரின் 169 மில்லியன் டாலர் கடனை நீக்கி நடத்தப்பட்ட ஆய்வு 2024 இல் வெளியானது. அத்தள்ளுபடியால் அவர்களின் நிதி நிலையிலோ மனநலத்திலோ சராசரியாக முன்னேற்றம் ஏற்படவில்லை என்று அது கண்டது. கடன் வசூலுக்குச் சென்று நெடுநாள் கழித்து வரும் உதவி காலம் கடந்தது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. தொலைக்காட்சியில் கவர்ச்சியாகத் தோன்றும் தீர்வும், குடும்பங்களுக்குத் தேவையான தீர்வும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இது உணர்த்துகிறது. மாறாக, மீட்புப் பணியாளர் சட்டத்தில் அங்கத நிகழ்ச்சி நேரடியாக எதையும் வழங்கவில்லை. தடைப்பட்டிருந்த ஒரு குறிப்பிட்ட சட்டமூலத்தின் மீது மக்களின் கவனத்தைத் திருப்பியது. பயன்பெற்றவர்களுக்கு அது தொடர்ச்சியான மருத்துவ உதவியாக அமைந்தது.

இவற்றையும் பார்க்க

- அங்கதம்
- கேலிச்சித்திரம்
- 2008 நிதி நெருக்கடி
- வால் வீதி ஆக்கிரமிப்புப் போராட்டம்
- ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி
- குறைந்தபட்ச ஊதியம்